‘இம்ப்ளோசிவ்’: ஒரே சொல்லை வைத்து ஓர் அகராதிச் செயலியை மதிப்பிட்டபோது

ஆங்கில–தமிழ் அகராதிச் செயலி ஒன்றை ஆண்டுச் சந்தா கட்டி ஏழு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் நூல்களையும், அவ்வப்போது மொழியியல், உளவியல் கட்டுரைகளையும் தமிழாக்கம் செய்வது என் தொழில். எனவே நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறையாவது அதைத் திறக்க நேர்கிறது. செயலியின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறை அந்த ஒன்றுக்கு மட்டும் உரியதன்று. கையடக்க அகராதிகள் பலவற்றிலும் அதே குறையைப் பார்த்திருக்கிறேன். அகராதியை மதிப்பிட நூறு சொற்களைத் தட்டிப் பார்ப்பதைவிட, கடினமான ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, அது செல்லும் துறைகளுக்கெல்லாம் அகராதி எவ்வளவு தூரம் கூட வருகிறது என்று பார்ப்பதே எனக்குப் பயன் தந்திருக்கிறது. இம்முறை அப்படி வாய்த்த சொல் ‘இம்ப்ளோசிவ்’ (implosive). வெளியழுத்தத்தால் ஒரு பொருள் உள்நோக்கி நொறுங்குவதைச் சொல்ல வரும் ஆங்கிலப் பெயரடை அது.

ஒரே பருவத்தில் என் மேசைக்கு வந்த மூன்று கையெழுத்துப் படிகளில் இந்தப் பெயரடை இருந்தது. முதலாவது, ஆழ்கடல் கலங்களைப் பற்றி எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு எழுதப்பட்ட நூல். இரண்டாவது, இந்திய மொழிகளின் ஒலிகளைப் பற்றிய கட்டுரை. மூன்றாவது, அச்ச நோய்களுக்கான சிகிச்சை முறைகளை விளக்கும் கையேடு. மூன்று இடங்களிலும் ஒரே ஆங்கிலச் சொல்தான். ஆனால் மூன்று இடங்களிலும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டால், ஒன்றில் பொருள் மங்கும், ஒன்றில் பொருந்தும், மற்றொன்றில் படிப்பவர் பயந்துவிடுவார்.

செயலியில் இச்சொல்லைத் தட்டினால் கிடைப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைச்சொல் பெரிய எழுத்தில் வருகிறது. அதன் அருகில் ஒலிபெருக்கிக் குறி இருக்கிறது. அதைத் தொட்டால் ஒரு பெண் குரல் தெளிவாக உச்சரிக்கிறது. உச்சரிப்பைத் தமிழ் எழுத்திலும் தந்திருக்கிறார்கள். அதற்குக் கீழே பெயரடை என்ற இலக்கணக் குறிப்பு. அடுத்த வரியில் ‘உள்வெடிப்புத் தன்மையுள்ள, உள்நோக்கி வெடிக்கிற’ என்று இரண்டு தமிழ்த் தொடர்கள். எதிர்ச்சொல்லாக ‘எக்ஸ்ப்ளோசிவ்’. கடைசியில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம், அதுவும் ஒரு கட்டடத்தைத் தகர்ப்பது பற்றியது. அவ்வளவுதான். இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் இந்தப் பக்கம் நொடியில் திறக்கிறது என்பதையும், எழுத்தின் அளவை விரும்பியபடி பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதையும் பாராட்டிச் சொல்ல வேண்டும். ஐம்பதைக் கடந்த கண்களுக்கு அது சிறிய உதவியன்று.

இனிக் குறைக்கு வருகிறேன். ‘உள்வெடிப்பு’ என்ற சொல்லைத் தமிழ் வாசகர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதை அறிய, பத்தாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டு மாணவியிடம் அந்தச் சொல்லை மட்டும் எழுதிக் காட்டி, என்ன பொருள் என்று கேட்டேன். சற்றும் தயங்காமல், “உள்ளே குண்டு வெடிச்சிருக்கு, அங்கிள்” என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை. தமிழில் ‘வெடி’ என்ற வினை எங்கே வந்தாலும் அது பிளந்து விரிவதையே குறிக்கும். வெள்ளரிப்பழம் வெடிக்கிறது, பஞ்சு வெடிக்கிறது, கோடையில் வயல் வெடிக்கிறது, குளிரில் உதடு வெடிக்கிறது. இவை எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி மேற்புறம் பிளந்துகொள்கிறது. அந்த வினைக்கு முன்னால் ‘உள்’ என்று சேர்த்தால், தமிழ்க் காது அதை வெடிப்பு நிகழ்ந்த இடமாகத்தான் எடுத்துக்கொள்ளும். விசை செல்லும் திசையாக எடுத்துக்கொள்ளாது. ‘உள்வீடு’, ‘உள்காயம்’ என்னும்போது ‘உள்’ இடத்தைத்தானே சுட்டுகிறது?

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் இல்லாமல் போனதற்குச் சொல்லின் வரலாறு காரணம். ‘எக்ஸ்ப்ளோடு’ என்பதன் மூலம் லத்தீன். கை தட்டுவதைக் குறிக்கும் வினையோடு ‘வெளியே’ என்னும் முன்னொட்டு சேர்ந்தது அச்சொல். நாடக மேடையில் பிடிக்காத நடிகரைக் கைதட்டிக் கூச்சலிட்டு வெளியேற்றுவதே அதன் பழைய பொருள். வெடிமருந்துப் பொருள் பின்னால் ஏறியது. ‘இம்ப்ளோடு’ என்பதை அதற்கு எதிர்வடிவமாக, ‘வெளியே’ என்ற முன்னொட்டை எடுத்துவிட்டு ‘உள்ளே’ என்ற முன்னொட்டை வைத்து ஆங்கிலத்தார் ஆக்கிக்கொண்டார்கள். ஆகவே அங்கே முன்னொட்டு திசையைச் சுட்டுகிறது. நடுவில் உள்ள வேர்ச்சொல்லில் பிளத்தல் என்ற கருத்தே கிடையாது. நாமோ பிளத்தல் என்ற பொருளில் ஊறிய வினையை எடுத்து, அதன் தலையில் ‘உள்’ என்பதை வைத்தோம். செயலி இந்த வரலாற்றில் ஒரு வரியைத் தந்திருந்தாலும், பயன்படுத்துகிறவர் விழிப்படைந்திருப்பார்.

நடப்பது என்ன என்பதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் சூடான நீரைக் கொஞ்சம் ஊற்றி, குலுக்கி, நீரைக் கொட்டிவிட்டு உடனே மூடியை இறுக்கி வையுங்கள். சில நிமிடங்களில் பாட்டிலின் வயிறு மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும்; விலா எலும்பு தெரிவதுபோல் பக்கங்களில் மடிப்பு விழும்; திடீரென்று ‘டக்’ என்ற ஒலியோடு ஒரு பக்கம் குழிந்துவிடும். உள்ளே இருந்த நீராவி குளிர்ந்து நீராகிவிட்டதால் அகத்தே அழுத்தம் குறைந்துவிட்டது. வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவுக்கு எப்போதும் அழுத்திக்கொண்டிருப்பதால், தடுக்க ஆளில்லாத இடத்தில் அது சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. எதுவும் வெடிக்கவில்லை. பாட்டில் ஒடுங்கியது.

‘ஒடுங்கியது’ என்று எழுதியபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. கீழே விழுந்து பக்கம் குழிந்த குடத்தை ‘ஒடுக்கு விழுந்த குடம்’ என்கிறோம். அதைத் தட்டிச் சரிசெய்வது ஒடுக்கெடுத்தல். கன்னம் ஒடுங்கிவிட்டது என்றால் சதை உள்ளே போய்விட்டது என்று யாருக்கும் விளங்குகிறது. அதேபோல், 2017 ஏப்ரலில் சென்னை அண்ணா சாலையில் மெட்ரோ சுரங்கப் பணி நடந்த பகுதியில் திடீரெனப் பள்ளம் விழுந்து மாநகரப் பேருந்தும் காரும் அதில் இறங்கியபோது, அதைச் சொல்லத் தமிழில் ‘சாலை உள்வாங்கியது’ என்ற தொடர் ஆயத்தமாக இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலைக்கு முன்னால் சில கரைகளில் ‘கடல் உள்வாங்கியது’ என்று மீனவர்கள் சொன்னதும் இந்த வினையால்தான். ஒடுங்குதல், உள்வாங்குதல், குழிதல், அமுங்குதல், நொறுங்குதல், குலைதல் என்று இந்தப் பொருட்பரப்பில் தமிழிடம் இவ்வளவு வினைகள் இருக்க, செயலியின் பக்கத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தத்தைத் தந்தது. ஆங்கிலச் சொல்லைத் துண்டுகளாக்கித் துண்டுக்குத் துண்டு தமிழ் ஒட்டுவதற்கு அகராதி வேண்டியதில்லை.

ஆழ்கடல் நூலில் நான் சந்தித்த வாக்கியத்துக்கு இப்போது வருகிறேன். 2023 ஜூன் 18 அன்று டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்க ஐந்து பேருடன் இறங்கிய ‘டைட்டன்’ என்ற கலம் மேலே திரும்பவில்லை. நான்கு நாள் தேடலுக்குப் பின், ஜூன் 22 அன்று அதன் சிதைவுகள் கடலடியில் கிடப்பதாக அமெரிக்கக் கடலோரக் காவல்படை அறிவித்தது. டைட்டானிக் கிடப்பது ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்ற கணக்கில் பார்த்தால், அங்கே ஒரு சுண்டுவிரல் நகத்தளவு பரப்பின் மேல் நான்கு ஐந்து நெல் மூட்டை அளவுக்கு, அதாவது நானூறு கிலோவுக்கு நெருக்கமான எடை ஏறி நிற்கும். கலத்தின் சுவர் எங்கேனும் தளர்ந்தால் நீர் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே கணத்தில் உள்ளே பாயும். அந்த நாட்களில் தமிழில் நான் கேட்ட செய்திகள் சிலவற்றில் ‘வெடித்துச் சிதறியது’ என்றே சொன்னார்கள். கலத்துக்குள் ஏதோ வெடிபொருள் இருந்ததா என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு.

நேர்மையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘சிதறியது’ என்ற பாதி முழுப் பிழையன்று. உள்ளே பாய்ந்த நீர் நடுவில் ஒன்றோடொன்று மோதும்போது அதிர்ச்சி அலை எழுந்து வெளியே திரும்பும். ஜப்பானில் காமியோக்கா சுரங்கத்துக்குள், நியூட்ரினோ துகள்களைக் காண்பதற்காக அமைத்த மாபெரும் நீர்த்தொட்டியில் 2001 நவம்பர் 12 அன்று நேர்ந்தது இதற்குச் சரியான சான்று. அங்கே சுவர் முழுவதும் பதிக்கப்பட்டிருந்தவை ஏறத்தாழ அரை மீட்டர் விட்டமுள்ள, உள்ளே வெற்றிடம் கொண்ட கண்ணாடிக் குமிழ்கள். அவற்றில் ஒன்று நொறுங்கி ஒடுங்கியது, அதனால் எழுந்த அலை அடுத்ததை உடைத்தது, அது அதற்கடுத்ததை. சிறிது நேரத்தில் 6,000-க்கும் மேற்பட்ட குமிழ்கள் போயின. முதலில் ஒடுக்கம், அதன் விளைவாக அலை, அதற்கும் பின்னால் சிதறல் என்ற வரிசையை ஒரு நல்ல அகராதி இரண்டு வாக்கியத்தில் காட்டிவிட முடியும்.

பெயரடை என்பதால் எழும் இன்னொரு சிக்கலை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஆங்கிலத்தில் இந்த ஈறு காலத்தையோ ஆற்றலையோ பிரித்துச் சொல்வதில்லை. ‘இம்ப்ளோசிவ்’ விசை என்றால் உள்நோக்கி நெரிக்கும் விசை. ‘இம்ப்ளோசிவ்’ சேதம் என்றால் அப்படி நெரிந்ததால் விளைந்த சேதம். ஓர் அமைப்பை ‘இம்ப்ளோசிவ்’ என்றால் எந்த நேரமும் உள்ளொடுங்கிவிடக்கூடியது. தமிழில் பெயரெச்சம் காலம் காட்டும். ‘உள்ளொடுக்கும்’, ‘உள்ளொடுங்கிய’, ‘உள்ளொடுங்கவல்ல’ என்ற மூன்றில் ஒன்றை எழுதுகிறவர் தேர்ந்தாக வேண்டும். தன்வினையா பிறவினையா என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். ‘தன்மையுள்ள’ என்ற வாலைச் சேர்த்துத் தப்பித்துக்கொள்வது அகராதிக்காரரின் பழைய வழக்கம். அந்த வாலோடு ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்: ‘உள்வெடிப்புத் தன்மையுள்ள சேதம் ஏற்பட்டது.’ இதை எந்தத் தமிழரும் பேசமாட்டார்.

செயலி தரும் ஒரே எடுத்துக்காட்டு கட்டடத் தகர்ப்பைப் பற்றியது என்றேன். அதுவே எல்லாவற்றிலும் குழப்பமான பயன்பாடு என்பதால், அதை முதல் எடுத்துக்காட்டாக வைத்தது பிழையான தேர்வு. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். அதன் பக்கத்தில் நின்ற இணைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று தூண்களில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். 2022 ஆகஸ்ட் 28 அன்று நொய்டாவில் ஏறத்தாழ 100 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரங்களைத் தரைமட்டமாக்கியதும் இந்த முறையில்தான். அதற்கு 3,700 கிலோ அளவுக்கு வெடிமருந்து வைத்தார்கள். இங்கே வெடிமருந்து உண்மையிலேயே இருக்கிறது. ஆனாலும் ஆங்கிலத்தில் இதை, நம் பெயரடையின் பெயர்ச்சொல் வடிவத்தால், ‘இம்ப்ளோஷன்’ என்கிறார்கள். காரணம், மருந்தின் வேலை தூண்களை வெட்டிவிடுவது மட்டுமே. கட்டடத்தைக் கீழே கொண்டுவருவது அதன் எடை. நடுத்தூண்கள் முதலிலும் ஓரத்தூண்கள் நொடிப்பொழுது பின்னாலும் அறும்படி நேரம் குறித்து வைப்பதால், நான்கு பக்கமும் நடுவை நோக்கிச் சாய்ந்து, தன் அடித்தளத்தின் மேலேயே கட்டடம் குலைந்து குவிகிறது. உள்ளே வெற்றிடமும் இல்லை, வெளியே அழுத்தமும் இல்லை என்பதால், இது இயற்பியல் பொருளில் உண்மையான ‘இம்ப்ளோஷன்’ அன்று என்று பொறியாளர்கள் சொல்வது சரியே; ஆனால் அந்தச் சொல் வழக்கில் நிலைத்துவிட்டது. இந்த ஒரு பொருளுக்கு ‘உள்ளமுங்கித் தகர்த்தல்’ என்றோ, ‘இருந்த இடத்திலேயே குலைத்தல்’ என்றோ எழுதலாம். ‘உள்வெடிப்பு’ என்று எழுதினாலும் வாசகர் பெரிதாக வழிதவறமாட்டார், ஏனென்றால் இங்கே வெடி இருக்கிறது. ஆனால் இதை மட்டும் பார்த்துவிட்டு ஆழ்கடல் கலத்துக்குப் போகிறவர் தவறான படத்தோடுதான் போவார்.

இச்சொல் எப்போதும் ஒரு பொருள் நொறுங்கி அழிவதைத்தான் குறிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதும் செயலியின் பக்கத்தில் இல்லாத செய்தி. நாகசாகியின் மேல் 1945 ஆகஸ்ட் 9 அன்று போடப்பட்ட குண்டில் புளூட்டோனியக் கோளத்தைச் சுற்றிலும் வழக்கமான வெடிமருந்தை வைத்து, எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் உள்நோக்கி நெருக்கினார்கள். அந்த வடிவமைப்புக்குப் பெயரே இதுதான். கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 2022 டிசம்பர் 5 அன்று 192 லேசர்க் கற்றைகளின் ஆற்றலால் அணுக்கரு இணைவுக்கான, மிளகளவே உள்ள எரிபொருள் குளிகையை நெரித்து, 2.05 மெகா ஜூல் செலுத்தி 3.15 மெகா ஜூல் பெற்றபோதும் அறிவியலார் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். அங்கே அது ‘உள்நெரிப்பு’; வேண்டி, கணக்கிட்டு, ஒழுங்காகச் செய்யப்படும் நெரிப்பு.

மொழியியல் கட்டுரையில் நிலைமை வேறு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். ஒலியியலில் ‘இம்ப்ளோசிவ்’ பெயரடையாகவும் வரும், பெயர்ச்சொல்லாகவும் வரும். உதடுகளை மூடியோ நாக்கை அண்ணத்தில் ஒட்டியோ காற்றை அடைத்துக்கொண்டு, குரல்நாண்கள் அதிர அதிரக் குரல்வளையைக் கீழே இறக்கினால், வாய்க்குள் உள்ள இடம் பெருகி அழுத்தம் குறைகிறது. அடைப்பைத் திறக்கும்போது காற்று வெளியே பாய்வதற்குப் பதிலாக ஒரு சிறிது உள்ளே வருகிறது. சிந்தி மொழியில் இப்படிப்பட்ட ஒலிகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து உண்டு. வியட்நாமிய மொழியிலும் ஆப்பிரிக்காவின் ஹௌசா, சுவாஹிலி மொழிகளிலும் இவ்வகை ஒலிகள் இருக்கின்றன.

தமிழிலே இவை இல்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்துகள் பிறக்கும் முறையைச் சொல்லும்போது, காற்று உந்தியிலிருந்து எழுந்து மேலே வருவதாகத்தான் தொடங்குகிறது. நம் ஒலிகள் எல்லாம் வெளிச்செல்லும் மூச்சின் மேல் ஏறி வருபவை. நாம் இரக்கத்தாலோ சலிப்பாலோ உச்சுக்கொட்டும்போது காற்று உள்ளே போகிறதே என்று கேட்கலாம். அது நாக்கினால் உறிஞ்சும் ஒலி. குரல்வளைக்கு அதில் பங்கில்லை. அதற்கு ஒலியியலில் வேறு பெயர். வேறுபாட்டைக் கேட்டு அறிய விரும்பி, சென்னையில் எங்கள் தெருமுனையில் துணிக்கடை வைத்திருக்கும் சிந்திப் பெரியவர் ஒருவரை அணுகினேன். பிரிவினைக்குப் பின் குடும்பத்தோடு இங்கே வந்தவர்களின் பிள்ளை அவர். தமிழ் நம்மைப் போலவே பேசுவார். “ஐயா, உங்கள் மொழியில் ஒன்று முதல் பத்துவரை சொல்லுங்கள்” என்றேன். ‘இரண்டு’ என்பதற்கும் ‘பத்து’ என்பதற்கும் அவர் சொன்ன சொற்கள் இந்த ஒலிகளில்தான் தொடங்குகின்றன. ‘இரண்டு’ என்று அவர் சொன்னபோது உதடு பிரிவதற்கு முன்பே தொண்டைக்குள் ஒரு முணுக்கம் எழுந்தது. குரல்வளை மேடு சட்டைக் காலருக்குள் இறங்கி ஏறியது கண்ணுக்கே தெரிந்தது. நான் சொல்லிப் பார்த்தபோது வெறும் பகரம்தான் வந்தது. ஐந்தாறு முறை திருத்திவிட்டு, “இது சின்ன வயசுலேயே வரணும், தம்பி” என்று சிரித்தார்.

இந்த இடத்தில் ‘உள்வெடிப்பொலி’ என்ற சொல்லை நான் ஏற்கிறேன். தமிழ் மொழியியலில் அடைத்துத் திறக்கும் ஒலிகளை ‘வெடிப்பொலி’ என்று சொல்லும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அதன் இனம் இது, மூச்சு மட்டும் உள்நோக்கியது என்று காட்ட அந்த முன்னொட்டு போதும். அத்துறை மாணவர் ‘வெடி’ என்றவுடன் குண்டை நினைக்கமாட்டார். ஆகவே செயலியின் தொடர் பொருந்துகிற ஒரே துறை ஒலியியல். ஆனால் நான் அப்போது பார்த்தபோது செயலியில் ஒலியியல் பொருளே இல்லை. நான் வைத்திருக்கும் பழைய ஆங்கில மேசை அகராதியில் இந்தப் பெயரடைக்குத் தனிப் பதிவு கிடையாது. பெயர்ச்சொல்லின் பதிவுக்கு அடியில் சிறிய எழுத்தில் வாலாகத்தான் தொங்குகிறது. எனினும் அந்தப் பெயர்ச்சொல்லின் முதல் பொருளாக அங்கே தரப்பட்டிருப்பது ஒலியியல் பொருள். ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே படிக்கத் தெரிந்தவர்கள் அந்த அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

உளவியல் கையேட்டில்தான் நான் உண்மையில் பதறினேன். 1960-களில் தாமஸ் ஸ்டாம்ஃபில் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த ஒரு சிகிச்சை முறைக்கு ‘இம்ப்ளோசிவ் தெரபி’ என்று பெயர். நோயாளி மிகவும் அஞ்சுகிற காட்சியை, சிகிச்சையாளரின் துணையோடு, மனத்தில் முழு அளவில் கற்பனை செய்து, அச்சம் தானே தணியும்வரை அதிலேயே இருக்கச் செய்வது அம்முறை. செயலியின் சொல்லை நம்பி ‘உள்வெடிப்புச் சிகிச்சை’ என்று எழுதினால், ஏற்கெனவே அச்சத்தோடு மருத்துவமனை வாசலில் நிற்பவர் அந்தப் பெயரைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். நான் ‘அச்சம் தணியும்வரை கற்பனையில் எதிர்கொள்ளும் சிகிச்சை’ என்று விரித்து எழுதி, ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் ஒருமுறை மட்டும் தந்தேன். நீளம்தான், ஆனால் மருத்துவக் கையேட்டில் நீளத்தைவிட விளக்கமே வேண்டப்படுவது.

மனிதர்களையும் நிறுவனங்களையும் பற்றி உருவகமாக வரும் பயன்பாடுகளுக்குச் செயலி ஒன்றும் தரவில்லை; தமிழோ அள்ளிக் கொடுக்கிறது. வெளிப்பகை இல்லாமல் உட்பூசலாலேயே ஒரு கட்சி கலைந்தால் ‘உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போய் விழுந்தது’ என்போம். கோபத்தை வெளியே காட்டாமல் தன்னையே வருத்திக்கொள்கிறவர் ‘உள்ளுக்குள் குமைகிறார்’. எதிர்பாராத செய்தி கேட்டு நிலைகுலைந்தவர் ‘இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்’. இந்தக் கடைசித் தொடரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இடிந்து, போய், உட்கார்ந்து: நின்ற இடத்திலேயே ஓர் ஆள் தன் மேல் தானே சரிவதை அது அப்படியே காட்டுகிறது. ஆங்கிலப் பெயரடைக்கு நேர்ச்சொல் தேடி அலைகிறவர்களுக்கு, நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் பேசும் தொடரிலேயே விடை இருக்கிறது.

இவற்றையெல்லாம் தொகுத்து, இரண்டு பக்க அளவில், செயலியை நடத்துகிறவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாம் நாள் மரியாதையான பதில் வந்தது. அடுத்த பதிப்பில் கவனிப்பதாக எழுதியிருந்தார்கள். இதுவரை இரண்டு முறை செயலி புதுப்பிக்கப்பட்டுவிட்டது. ஒலியியல் பொருளைச் சேர்த்துவிட்டார்கள் என்பது மகிழ்ச்சி. ‘உள்வெடிப்புத் தன்மையுள்ள’ என்பது இன்னும் முதலிடத்தில்தான் நிற்கிறது. ஒரே சொல்லை வைத்து முழுச் செயலியையும் தள்ளிவிடுவது நியாயமன்று. தாவரப் பெயர்கள், சமையல், சட்டம் ஆகியவற்றில் அது தரும் சொற்கள் பெரும்பாலும் நல்லவை; தேடும் வேகத்திலும் உச்சரிப்பிலும் நான் குறை காணவில்லை. ஆங்கிலச் செய்தித்தாளைப் படிக்கும்போது ஒரு சொல்லின் பொருளைச் சட்டென்று பிடித்துக்கொள்ள விரும்பும் கல்லூரி மாணவருக்குச் சந்தா தகும். எழுதித் தருகிறவர்கள், பாடநூல் தயாரிக்கிறவர்கள், மருத்துவத் துறைக்கு மொழிபெயர்ப்பவர்கள் இதை மட்டும் நம்பக் கூடாது. குறிப்பாக, ஆங்கில முன்னொட்டை அப்படியே பெயர்த்து ஆக்கிய சொற்கள் வரும்போது, எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படித்து, நிகழ்வை மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்த பின்னரே சொல்லை எடுக்க வேண்டும்.

ஆழ்கடல் நூல் சென்ற வாரம் அச்சுக்குப் போயிற்று. அந்த வாக்கியத்தை இறுதியாக இப்படி எழுதினேன்: ‘கலத்தின் சுவர் தளர்ந்த கணத்தில், சுற்றிலும் இருந்த நீர் அதை எல்லாப் பக்கமும் நெரித்தது, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கலம் உள்ளொடுங்கி நொறுங்கியது.’ பக்கத்து வீட்டு மாணவியிடம் மெய்ப்புப் படியைக் கொடுத்தேன். படித்துவிட்டு, தன் கையில் இருந்த காலித் தண்ணீர்ப் பாட்டிலை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அமுக்கிக் காட்டி, “இப்படித்தானே, அங்கிள்?” என்று கேட்டாள்.